வாக்கிங்கில் துள்ளும் நாய்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

லீஷைக் கையில் எடுத்ததுமே வீடு ரெண்டுபடுகிறது. தெருவில் இறங்கினால் தோள்பட்டை கழன்றுவிடும் போல இழுக்கிறது. எதிரே இன்னொரு நாய் வந்தால் பின்னங்காலில் நின்று கத்துகிறது. இப்படிப்பட்ட நாய்க்குச் சொன்னால் புரியாதா? புரியும். ஆனால் அந்த நொடியில் காதில் எதுவும் ஏறாது. உச்சத்துக்குப் போன நாய் வேகவைத்த கோழித் துண்டைக்கூட வாயில் வாங்கிக் கீழே துப்பிவிடும். தீனி எடுக்காத நாய்க்குப் பாடமும் ஏறாது. அதனால் கோளாறு வெடித்த இடத்தில் நின்றுகொண்டு அதைச் சரிசெய்ய முடியாது. அது தொடங்கிய இடத்துக்கு, பத்து நொடி முன்னால், பத்தடி பின்னால் போக வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியிலும் தேட வேண்டியது அந்தத் தொடக்கத்தைத்தான்.

முதலில் பட்டையும் கொக்கியும்

பயிற்சிக்கு முன் கருவியைப் பாருங்கள். கோளாறில் ஒரு பங்கு அங்கேயே இருக்கும்.

லீஷ் 6 அடி நீளமுள்ள தட்டையான நைலான் பட்டையாக இருக்கட்டும். 20 கிலோவுக்கு மேற்பட்ட நாய்க்கு ஓர் அங்குல அகலம் வேண்டும். பொத்தானை அழுத்தினால் நீளும் சுருள் லீஷ் வேண்டவே வேண்டாம். அதில் கயிறு எப்போதும் விறைப்பாகவே இருப்பதால், இழுத்தால் தூரம் கிடைக்கும் என்பதை அதுவே நாய்க்குக் கற்றுக்கொடுத்துவிடும். மெல்லிய கயிறு விரலில் சுற்றிக்கொண்டால் சதையை அறுக்கும். இரும்புச் சங்கிலியும் அப்படித்தான், திடீரென இழுபட்டால் கை கிழியும்.

ஹார்னஸ் (கழுத்துக்குப் பதில் மார்பையும் முதுகையும் சுற்றி மாட்டும் பட்டை) வாங்கினால் மார்பில் ஒய் வடிவில் அமைவதாகவும், மார்பின் முன்பக்கம் ஒரு வளையம் உள்ளதாகவும் பார்த்து வாங்குங்கள். முதுகில் மட்டும் வளையம் உள்ளதை மாட்டினால், வண்டிமாட்டுக்கு நுகத்தடி வைத்தது போலத்தான். நாய் மார்பைக் கொடுத்து முழுப் பலத்தோடு இழுக்கும். முன் வளையத்தில் லீஷைக் கோர்த்தால், இழுக்கும்போது உடம்பு உங்கள் பக்கம் திரும்பிவிடும். இழுப்பில் பலம் போய்விடும். கழுத்தை நெரிக்கும் சோக் செயினும் முள் காலரும் இழுப்பைக் கொஞ்ச நாள் நிறுத்தும். ஆனால் எதிரே நாய் தெரியும்போதெல்லாம் கழுத்து வலிக்கிறது என்று அது கணக்குப் போட்டுக்கொள்ளும். இழுத்துக்கொண்டிருந்த நாய் பிறகு சீறும் நாயாக மாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களை வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். இவற்றின் தலை கழுத்தைவிடக் குறுகலானது. பயந்து பின்னால் இழுத்தால் சாதாரண காலர் காது வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும். இழுத்தால் ஓரளவுக்கு மட்டும் இறுகி நிற்கும் மார்ட்டிங்கேல் காலர் போடுங்கள். காலரையும் ஹார்னஸையும் ஒரு சிறு பட்டையால் இணைத்துவிடுங்கள். ஒன்று கழன்றாலும் மற்றது பிடிக்கும். எந்த நாயானாலும் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். அதற்கு மேல் வேண்டாம். கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் கொக்கியின் ஸ்பிரிங் துருப்பிடித்து, பாதி மூடியபடி நின்றுவிடும். வாரம் ஒருமுறை கையால் பலமாக இழுத்துப் பாருங்கள்.

லீஷின் பிடிவளையத்தை மணிக்கட்டில் மாட்டாதீர்கள். நாய் பாய்ந்தால் நீங்களும் விழுவீர்கள், மணிக்கட்டும் முறியும். கட்டைவிரலில் வளையத்தை மாட்டி, மீதிப் பட்டையை உள்ளங்கையில் மடித்துப் பிடியுங்கள். இன்னொரு கை ஓரடி முன்னால், பிரேக் போல. நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடங்கள்; நாய் உங்களுக்கு வலப்புறம், காம்பவுண்டுச் சுவர் பக்கம் வரட்டும். மழைநாளில் மின்கம்பத்தையும் தெருவோர மின்பெட்டியையும் பத்தடி விலகியே கடந்துபோங்கள். வெறுங்காலோடு ஈரத்தில் நிற்கிற நாய்க்கு மின்கசிவு உங்களுக்கு முன்னால் எட்டிவிடும்.

தீனி: தோலும் உப்பும் இல்லாமல் வேகவைத்த கோழி, அல்லது ஆட்டு ஈரல். பட்டாணி அளவுக்கு நறுக்கினால் 50 கிராமில் நூறு துண்டு வரை வரும். தெருவில் கோழி எடுபடவில்லையென்றால், உப்புப் போகும்வரை பலமுறை ஊறவைத்துக் கழுவிய நெத்திலிக் கருவாடு. அந்த வாடைக்கு மயங்காத நாய் அரிது. பிஸ்கட் வேண்டாம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு நஞ்சு. பயிற்சித் தீனி ஒருநாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கொடுத்த அளவுக்குச் சாதத்தைக் குறையுங்கள்.

இன்னொன்று, வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா "சிட்" என்பார், அம்மா "உட்காரு" என்பார், பாட்டி "சும்மா இரு" என்பார். மூன்றும் நாய்க்கு மூன்று வெவ்வேறு சத்தங்கள்.

அறிகுறி: லீஷைப் பார்த்ததும் குதிக்கிறது, குரைக்கிறது, வட்டமடிக்கிறது

இங்கே கொதிப்பு வாசலில் தொடங்குவதில்லை. லீஷ் மாட்டியிருக்கும் ஆணியின் சத்தத்தில், சில நாய்களுக்கு நீங்கள் செருப்பை எடுப்பதிலேயே, தொடங்கிவிடுகிறது. லீஷ் என்றால் வெளியே என்று நாய்க்குப் பதிந்துவிட்டது. அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

நாளுக்கு ஆறேழு முறை, வெளியே போகும் எண்ணமே இல்லாமல், லீஷை எடுத்து நாற்காலியில் வையுங்கள். திரும்ப மாட்டிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். மூன்று நான்கு நாளில் லீஷைப் பார்த்தும் படுத்தே இருக்கும். அதன் பிறகு லீஷைக் கோர்த்து வீட்டுக்குள்ளேயே இரண்டு நிமிடம் நடத்திக் கழற்றிவிடுங்கள். நிஜமாகவே கிளம்பும்போது, கொக்கியைக் கொண்டு குனிகிறீர்கள், துள்ளுகிறது. நிமிர்ந்துவிடுங்கள். நாலு காலும் தரையில் பட்டதும் மறுபடி குனியுங்கள். கதவுக்கும் இதே முறைதான்: திறக்கும்போது பாய்ந்தால் சாத்துங்கள், பொறுத்தால் திறங்கள். முதல் நாள் வாசலைத் தாண்டவே பதினைந்து நிமிடம் ஆகலாம். ஆபீஸுக்கு நேரமாகிற காலை வேளையில் இதைத் தொடங்காதீர்கள். அவசரத்தில் ஒருநாள் விட்டுக்கொடுத்தால், அடுத்த நாள் இரண்டு பங்கு துள்ளிப் பார்க்கும்.

அறிகுறி: வழி முழுக்க இழுக்கிறது

இழுத்தால் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட முடிகிறது. காரணம் இவ்வளவுதான். ஒவ்வொரு முறை இழுத்து அந்தக் கம்பத்தை மோந்து பார்க்கும்போதும் நீங்கள்தான் கூலி கொடுக்கிறீர்கள். நீங்கள் பின்னால் இழுத்துப் பிடித்தால் அது இன்னும் முன்னால் தள்ளும். அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளுவது நாயின் உடம்பில் ஊறியது.

முதல் வாரம் தெருவுக்கே போகாதீர்கள். மொட்டை மாடி, காம்பவுண்டுக்குள், அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடம் போதும். நாய் உங்கள் கால் பக்கம் வந்த நொடியில் "யெஸ்" என்று சொல்லி, உங்கள் பேன்ட் தையலை ஒட்டித் தீனியைக் கொடுங்கள். கை முன்னால் நீண்டால் நாயும் முன்னால் நீளும். எங்கே கொடுக்கிறீர்களோ அங்கேதான் நாய் நிற்கும். முதலில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு துண்டு, பிறகு மூன்று அடிக்கு, ஐந்துக்கு, பத்துக்கு. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும்.

தெருவுக்கு வந்தபின் லீஷ் விறைத்தால் நில்லுங்கள். பேச்சு வேண்டாம், வெட்டி இழுக்கவும் வேண்டாம். நாய் திரும்பிப் பார்த்து ஓரடி பின்வாங்கி, லீஷ் தொங்கியதும் நடங்கள். பத்து நொடியாகியும் திரும்பவில்லையென்றால் எதிர்த்திசையில் நடங்கள். பலர் தோற்பது இந்த இடத்தில்தான்: ஒன்பது முறை நின்றுவிட்டு, பத்தாவது முறை போன் வந்ததும் இழுத்த போக்கில் விட்டுவிடுவார்கள். எப்போதாவது பலிக்கும் என்று தெரிந்த நாய் விடாமல் இழுக்கும். பயிற்சிக்கு நேரமில்லாத நாளில் லீஷை முதுகு வளையத்தில் கோர்த்துக் கூட்டிப்போங்கள், பயிற்சி நாளில் முன் வளையத்தில் கோருங்கள். எந்த வளையம் என்பதை வைத்து இன்று எந்தச் சட்டம் என்பதை நாய் கற்றுக்கொள்ளும்.

மோப்பத்துக்குத் தடை போடாதீர்கள். நாய்க்கு அது செய்தித்தாள். இருபதடி தளர்ந்த லீஷில் நடந்தால், "போ" என்று சொல்லி ஒரு கம்பத்தைக் கொடுங்கள். தீனியைவிட அது பெரிய கூலி.

அறிகுறி: நடுவழியில் லீஷையே கடித்து உலுக்குகிறது

ஐந்து மாதம் முதல் ஒன்றரை வயது வரை இது சகஜம். பெரும்பாலும் வீடு திரும்பும் வழியில், களைத்தும் கொதித்தும் இருக்கும்போது வரும். நீங்கள் பிடுங்கினால் அதற்கு இழுபறி விளையாட்டு கிடைத்துவிடும். கத்தினால் விளையாட்டு இன்னும் சூடாகும். இரண்டு லீஷ் கோர்த்துக்கொண்டு போங்கள். கடித்ததைத் தளர விட்டுவிட்டு, மற்றதைப் பிடித்துக்கொண்டு மரம் போல நில்லுங்கள். இழுக்க ஆள் இல்லாத கயிறு செத்த பாம்பு. வாயை விட்டதும் ஐந்தாறு துண்டைப் புல்லிலோ மண்ணிலோ இறைத்துவிடுங்கள். தலையைக் குனிந்து மோந்து தேடுவதே கொதிப்பை இறக்கும். தினமும் இருபதாவது நிமிடத்தில் இது வருகிறதென்றால், பதினைந்தாவது நிமிடத்தில் வீட்டில் இருங்கள்.

அறிகுறி: ஆட்கள் மேல் தாவுகிறது

லீஷைத் தரையில் தொங்கவிட்டு, நாய் நிமிர்ந்து நிற்க முடியும், தாவ முடியாது என்கிற அளவில் அதன் மேல் காலை வையுங்கள். ஆள் நெருங்கும்போதே தீனியைத் தரையில் வையுங்கள். கீழே வேலை இருக்கும் வாய் மேலே வராது. கொஞ்ச வருபவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்: "பழக்கிட்டிருக்கோம், தொடாதீங்க." முதியவர், குழந்தை எதிரே வந்தால் பயிற்சியை நினைக்காமல் தெருவின் மறுபக்கம் போய்விடுங்கள். விளையாட்டாகத் தாவியதிலேயே ஒரு பாட்டிக்கு இடுப்பெலும்பு முறியலாம்.

அறிகுறி: வேறு நாயைக் கண்டால் குரைத்துப் பாய்கிறது

முதலில் இது ஆசையா பயமா என்று பிரித்துப் பாருங்கள். ஆசையில் குரைக்கும் நாயின் உடம்பு வளைந்து நெளியும், இடுப்போடு சேர்ந்து வால் ஆடும், சத்தம் கீச்சென்று இருக்கும். பயத்தில் குரைப்பது விறைப்பாக நிற்கும். வாய் இறுகும், எடை பின்னங்காலுக்குப் போகும், முதுகு மயிர் சிலிர்க்கலாம். வால் ஆடுவதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்: விறைத்து மேலே நின்று வேகமாகத் துடிக்கிற வால் எச்சரிக்கை. இரண்டுக்கும் மருந்து தூரம்தான். ஆனால் பயந்த நாயை "பழகட்டும்" என்று கிட்டே கொண்டுபோனால், ஒருநாள் கடித்துவிடும்.

உங்கள் நாய் மற்ற நாயைப் பார்த்தும் தீனி வாங்குகிற தூரம் எவ்வளவு? சிலவற்றுக்கு 15 மீட்டர், சிலவற்றுக்கு 40. அந்தத் தூரத்தில் நின்று, பார்த்த நொடியில் "யெஸ்", ஒரு துண்டு. மறுபடி பார்த்தால் மறுபடி ஒன்று. எதிர்நாய் மறைந்ததும் தீனியும் நிற்க வேண்டும். நாய் வந்தால் கோழி வரும் என்ற கணக்கு அப்படித்தான் பதியும். சில நாட்களில், மற்ற நாயைப் பார்த்துவிட்டு "எங்கே என் துண்டு" என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அன்றுதான் இரண்டு மீட்டர் கிட்டே போக அனுமதி. தீனி எடுக்கவில்லை, அல்லது வழக்கமாக மென்மையாக எடுப்பது விரலோடு பிடுங்குகிறது என்றால், கிட்டே வந்துவிட்டீர்கள், பின்வாங்குங்கள்.

நம் தெருக்களில் 15 மீட்டர் கிடைப்பதே கஷ்டம். நிறுத்தியிருக்கும் கார், ஆட்டோ, ஷேர் ஆட்டோ எதுவானாலும் நாயின் பார்வையை மறைக்கும். அதன் பின்னால் ஒதுங்குங்கள். "வா" என்று சொல்லி அரைவட்டம் அடித்துத் திரும்பி நடப்பதை, எந்த நாயும் இல்லாதபோதே தினம் பத்து முறை பழக்குங்கள். அது ஒரு விளையாட்டாகப் பதிந்திருந்தால்தான் தேவைப்படும்போது உதவும்.

அறிகுறி: தெருநாய்கள் சூழ்ந்துகொள்கின்றன

இது உங்கள் நாயின் கோளாறு அல்ல. ஆனால் துள்ளும் நாய்தான் இதில் அதிகம் மாட்டும்; அதன் குரைப்பே அழைப்பு. தெருநாய்களுக்கு எல்லை உண்டு: ஒரு டீக்கடை, ஒரு குப்பைத்தொட்டி, ஒரு முனை. அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். உங்கள் வழியில் எந்தக் கூட்டம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை முதலில் நாய் இல்லாமல் நடந்து பாருங்கள். குட்டி போட்ட தாய் இருக்கும் சந்துக்குச் சில மாதங்கள் போகவே வேண்டாம். பெண்நாய் பருவத்துக்கு வந்திருந்தால், அந்த மூன்று வாரமும் மொட்டை மாடியோடு நிறுத்துங்கள்.

கூட்டம் வந்தால்:

1. ஓடாதீர்கள். லீஷைக் குறுக்கி, உங்கள் நாயை உங்களுக்குப் பின்னால் கொண்டுவாருங்கள்.
2. கூட்டத்துக்கு முதுகு காட்டாமல், கண்ணோடு கண் முறைக்காமல், பக்கவாட்டில் மெல்ல நகருங்கள்.
3. கையில் குடை இருந்தால் விரித்து நடுவில் பிடியுங்கள். கோலைவிடக் குடை நல்லது; உங்கள் நாயை மறைக்கும், யாரையும் அடிக்காது.
4. ஒரு கை நிறையத் தீனியைக் கூட்டத்துக்குப் பின்புறம் விழும்படி வீசுங்கள்.
5. இன்னும் நெருங்கினால் கல் எடுப்பது போலக் குனியுங்கள். நம் ஊர் நாய்கள் பல அந்தக் குனிவுக்கே பின்வாங்கும். கல்லை எறிய வேண்டாம். எறிந்தால் நாளைக்கும் இதே வழியில் அதே நாய்களைத்தான் சந்திக்கப்போகிறீர்கள்.

சண்டை மூண்டுவிட்டால் நடுவில் கையை விடாதீர்கள், காலரைப் பிடிக்காதீர்கள். கொதிப்பில் இருக்கும் நாய் யார் கை என்று பார்க்காது. ஒரு பக்கெட் தண்ணீர், சாக்கு, பலகை, தகரக் கதவைத் தட்டும் சத்தம், எது கிடைத்தாலும் முதலில் அதைப் பயன்படுத்துங்கள். இரண்டு பேர் இருந்தால், ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களை ஒரே நேரத்தில் தூக்கிப் பின்னோக்கி வளைவாக இழுக்கலாம். ஒருவராக இதைச் செய்யக் கூடாது.

உங்களுக்குக் கடியோ கீறலோ பட்டால்: ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் வைக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28-ஆம் நாட்கள். தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28. ரத்தம் வந்த காயத்துக்கு ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் (காயத்தில் போடும் ஆயத்த எதிர்ப்பு மருந்து) வேண்டும். மருத்துவர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடாதீர்கள். ரேபிஸின் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற வழி அநேகமாக இல்லை. கடிபட்டது உங்கள் நாய் என்றால், அதற்கு வருடாந்திர ஊசி போட்டிருந்தாலும், காயத்தைக் கழுவிவிட்டு அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

குட்டிக்கு முதல் ரேபிஸ் ஊசி மூன்றாம் மாதத்தில். பார்வோ (குட்டிகளைத் தாக்கும் வைரஸ் நோய்) உள்ளிட்ட ஊசிகள் பதினாறு வாரத்தில் முடியும்வரை தெருமண்ணில் இறக்காமல் தூக்கிக்கொண்டு வெளியுலகத்தைக் காட்டுங்கள்.

அறிகுறி: பைக், சைக்கிளைத் துரத்தப் பாய்கிறது

வேட்டைக்கென்று வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறைக்கு ஓடுவதெல்லாம் முயல். அதைத் திட்டிப் பயனில்லை. வேறு நாயைக் கண்டு பாய்வதற்குச் சொன்ன முறைதான் இதற்கும், ஒரு மாற்றத்தோடு: பைக் கண்ணில் படுமுன்னே சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கே தீனி கொடுத்துவிடுங்கள். பெரிய சாலையிலிருந்து உள்தள்ளிய சந்தில், சத்தம் மட்டும் கேட்கும் இடத்தில் தொடங்குங்கள். பைக்கில் உட்கார்ந்து நாயைப் பக்கத்தில் ஓடவிடும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். நாய் சட்டென்று நின்றால் இருவரும் சக்கரத்தின் அடியில்தான். அதோடு, வண்டியைத் துரத்த நீங்களே பழக்குகிறீர்கள்.

அறிகுறி: கீழே கிடப்பதையெல்லாம் வாயில் போடுகிறது

வாயைப் பிளந்து பிடுங்கினால் அடுத்த முறை அவசரமாக விழுங்கிவிடும். வீட்டில் "விடு" பழக்குங்கள்: மூடிய கையில் சாதாரணத் தீனி, நாய் முகர்ந்து விலகியதும் மற்ற கையிலிருந்து ஈரல். கறிக்கடை, பிரியாணிக்கடை இருக்கும் தெருவில் கூடை வடிவ வாய்ப்பூட்டு போடுங்கள். அதற்குள் நாய் வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியும். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பூட்டு நடைக்கு ஆகாது. வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். எலி மருந்தை விழுங்கியது போல் தோன்றினால் வாந்திக்குக் காத்திருக்காமல், பாக்கெட் கிடைத்தால் அதையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். தேங்கிய மழைநீரைக் குடிக்க விடாதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த நீரில் எலிக்காய்ச்சல் பரவும்.

அறிகுறி: வெடி, பறைச் சத்தத்தில் பிய்த்துக்கொண்டு ஓடப்பார்க்கிறது

தீபாவளி வாரம், கோயில் திருவிழா, ஊர்வலம் நடக்கும் நாட்களில் இருட்டுமுன் வாக்கிங்கை முடித்துவிடுங்கள். காலரையும் ஹார்னஸையும் சேர்த்துக் கட்டிய இரட்டைப் பிணைப்பு இல்லாமல் வாசல் தாண்ட வேண்டாம். காலர் வில்லையில் நாயின் பெயரைவிட உங்கள் போன் எண் முக்கியம். சென்னையில் மாநகராட்சி உரிமமும் வேண்டும். எடுத்து வைத்திருந்தால் தேடும் நாளில் உதவும். நடுங்கும் நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்பது தவறு, தாராளமாகத் தடவுங்கள்.

அறிகுறி: ஒரு மணி நேரம் நடந்தும் வீட்டில் அடங்கவில்லை

இன்னும் நடத்துவது தீர்வல்ல. பந்தெறிந்து ஓடவிட்டால் உடம்புதான் பலப்படும், கொதிப்பு இறங்காது. நடையை அரைமணி ஆக்கி, அதில் பாதியை மோப்பத்துக்கு விடுங்கள். வந்ததும் பழைய துண்டில் தீனியைச் சுருட்டித் தேடக் கொடுங்கள், பிறகு படுக்கவிடுங்கள். வளர்ந்த நாய் ஒருநாளில் 12 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும். பிள்ளைகளும் விருந்தாளிகளுமாக இருக்கிற கூடத்தில் அந்தத் தூக்கம் கிடைக்காமல்தான் பல நாய்கள் துள்ளுகின்றன.

அறிகுறி: எப்போதும் துள்ளுகிற நாய் திடீரென நடக்க மறுக்கிறது

இதைப் பயிற்சிக் கோளாறாக நினைக்காதீர்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் 7 நொடி வையுங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. கோடையில் காலை ஆறரைக்கு முன், இரவு எட்டுக்குப் பின். விரலிடுக்கில் முள், கண்ணாடி பாருங்கள். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருந்து, ஈறு வெளுத்து, சாப்பாட்டையும் ஒதுக்கினால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை வேண்டும்.

நாக்கு நீண்டு கருஞ்சிவப்பாகி, எச்சில் நூலாகத் தொங்கி, தள்ளாடினால் வெப்ப அதிர்ச்சி. நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். நிழலுக்குத் தூக்கிப்போய், குழாய்த் தண்ணீரை வயிறு, தொடை, பாதம் என்று உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே இருங்கள், விசிறுங்கள். ஈரத்துணியைப் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே நின்றுவிடும். தானாகக் குடித்தால் குடிக்கட்டும், வாயில் ஊற்றாதீர்கள். கொஞ்சம் தெளிந்தாலும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உள்ளுறுப்பு பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படும். போகும் வண்டியில் ஏ.சி. போடுங்கள், அல்லது எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, வழியிலும் ஊற்ற ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள்.